நூல் நிலையத்தில் நாற்காலி யாருக்கு?

நூல் நிலையத்துக்குள் சென்றார்கள், புத்தகத்தை எடுத்தார்கள், நாற்காலியில் அமர்ந்தார்கள், படித்தார்கள். போலீஸ் வந்தது, கைது செய்தது!

கூச்சலிட்டார்களா? இல்லை. கல் வீசினார்களா? இல்லை. புத்தகத்தின் ஏட்டைக் கிழித்தார்களா? அதுவும் இல்லை. பிறகு என்னதான் குற்றம்? அவர்கள் தோல் கறுப்பு. அந்த நாற்காலி வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டது. அவ்வளவுதான்!

இஃது ஏதோ காட்டுமிராண்டிக் காலத்துக் கதையன்று. சுதந்திர தேவியின் சிலையைத் துறைமுக வாயிலிலே நிறுத்தி வைத்து உலகத்தை வரவேற்கும் அமெரிக்க நாட்டில் நடந்தது. 1939ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 21ஆம் நாள், தலைநகரமாம் வாஷிங்டனுக்கு ஆற்றின் அக்கரையிலே உள்ள அலெக்சாண்ட்ரியா நகரில் நடந்தது.

நூல் நிலையம் அறிவுக் கோயிலாயிற்றே, அங்கே உரிமைப் பேச்சு எதற்கு, போராட்டம் எதற்கு, வந்தோமா, படித்தோமா, போனோமா என்றிருக்கக்கூடாதா என்று கேட்கும் நல்லவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னே அமெரிக்கக் கறுப்பின மக்களின் நூலக வரலாற்றை எடுத்து வைக்க விரும்புகிறோம். அந்த வரலாறு நமக்குக் கூறுவது இதுதான்: நூல் நிலையத்தின் கதவு தானாகத் திறக்கவில்லை, குடிமக்கள் தட்டினார்கள், திறந்தது. திறந்த பிறகு, அதே நூல் நிலையம் நல்ல குடிமக்களை ஆக்கித் தரும் பட்டறையாயிற்று. ஒன்றை விட்டு ஒன்று வாழாது.

வரி வாங்கிய கை வாசலை மூடியது

அலெக்சாண்ட்ரியா நகரின் பொது நூல் நிலையம் 1937இல் திறக்கப்பட்டது. பொது என்று பெயர். பொதுமக்கள் பணத்தில் நடப்பது. கறுப்பர் செலுத்திய வரியை வேண்டாமென்று நகராட்சி திருப்பிக் கொடுத்ததா? இல்லை. காசுக்கு நிறம் கிடையாது. கையெழுத்திட்டு வாங்கிக் கொள்ளலாம். காசு கொடுத்த மனிதனுக்குத்தான் நிறம் உண்டு. அவன் உள்ளே வரக்கூடாது!

அந்த ஊரிலே பிறந்தவர் சாமுவேல் வில்பர்ட் டக்கர். கறுப்பர். சட்டக் கல்லூரியின் படியேறாமலே, வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்திலிருந்த புத்தகங்களைப் படித்துத் தேறி வழக்கறிஞரானவர். புத்தகத்தின் அருமை அவருக்குத் தெரியாதா? 1939 மார்ச்சுத் திங்களில், ஓய்வு பெற்ற இராணுவ சார்ஜண்ட் ஒருவரை அழைத்துக்கொண்டு நூல் நிலையத்துக்குச் சென்று உறுப்பினர் சீட்டுக் கேட்டார். நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கிய கை அது. புத்தகம் தூக்கக் கூடாதென்று மறுத்துவிட்டார்கள். டக்கர் நீதிமன்றம் சென்றார். வழக்கு நத்தையாய் நகர்ந்தது. வழக்கு நகரும்வரை கை கட்டி நிற்பதா? இளைஞர்களைத் திரட்டினார், பயிற்சி தந்தார்.

ஆகஸ்டு 21ஆம் நாள் ஐந்து இளைஞர்கள், ஒருவர் பின் ஒருவராக உள்ளே சென்றனர். உறுப்பினர் சீட்டுக் கேட்டனர். இல்லையென்ற பதில் வந்தது. ஆத்திரப்படவில்லை. அலமாரியிலிருந்து ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு மேசையில் தனித்தனியே அமர்ந்தனர். ஏன் தனித்தனியே? ஒன்றாக அமர்ந்தால் பேசினார்கள், இரைந்தார்கள், அமைதியைக் கெடுத்தார்கள் என்று கதை கட்டலாமல்லவா? அந்தக் கதைக்கு இடம் வைக்கவில்லை டக்கர். கைதாகி வெளியே வரும்போது படமெடுக்கப் புகைப்படக்காரருக்கும் ஏற்பாடு செய்திருந்தார்.

ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்கள் என்று குற்றச்சாட்டு. நீதிமன்றத்தில் டக்கரின் குறுக்கு விசாரணைக்கு முன்னே, அவர்கள் எந்தக் கலகமும் செய்யவில்லை என்று போலீசாரே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. தண்டித்தால் தலைக்குனிவு, விடுவித்தால் கதவு திறந்துவிடும்! ஆகவே தீர்ப்புச் சொல்லாமலே இழுத்தடித்தார்கள்.

நகராட்சியின் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். கறுப்பருக்கென்று தனியே ஒரு சிறு நூல் நிலையத்தை அவசர அவசரமாகக் கட்டி 1940இல் திறந்தது. பசியென்று வந்தவனைப் பந்தியிலிருந்து எழுப்பிக் கொல்லைப்புறத்திலே இலை போட்ட கதை! சிலர் மனநிறைவு கொண்டிருக்கலாம். டக்கர் கொள்ளவில்லை. அந்தத் தனி நூல் நிலையத்தின் சீட்டு தமக்கு வேண்டாமென்று எழுத்து மூலமாகவே மறுத்தார். அவர் கேட்டது புத்தகம் மட்டுமன்று, சமத்துவம்.

அந்த ஐவர் மீதான குற்றச்சாட்டை நீதிமன்றம் முறைப்படி தள்ளுபடி செய்தது எப்போது தெரியுமா? 2019இல்! படித்த குற்றம் நீங்க 80 ஆண்டுகள்!

உட்கார்ந்தால் தீட்டு

நாற்காலி என்றதும் நினைவுக்கு வரும் இன்னொரு ஊர் டான்வில். அதுவும் வர்ஜீனியா மாநிலந்தான். 1960ஆம் ஆண்டு, உணவு விடுதிகளிலே கறுப்பின மாணவர்கள் அமர்ந்து அறப்போர் நடத்திய ஆண்டு. அந்த அலை நூல் நிலையங்களையும் எட்டியது. டான்வில் மாணவர்கள் நூல் நிலையத்துக்குள் சென்றனர், வழக்கும் தொடுக்கப்பட்டது. கறுப்பர்க்கும் இடந்தர வேண்டுமென்று கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட்டது. நகராட்சி என்ன செய்தது? நூல் நிலையத்தையே இழுத்துப் பூட்டியது! கறுப்பன் படிப்பதைவிட எவனுமே படிக்காமலிருப்பது மேல் என்ற தத்துவம்! தன் மூக்கை அறுத்துக்கொண்டு பிறர்க்குச் சகுனத்தடை செய்யும் வேலை.

பல மாதம் பூட்டிக் கிடந்தது. செப்டம்பரில் திறந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் மேசையைக் காணோம், நாற்காலியைக் காணோம்! எல்லோரும் வரலாம், ஆனால் எவரும் உட்காரக் கூடாது, நின்றுகொண்டே புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். வெள்ளையனும் கறுப்பனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாமாம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தீட்டாம்!

இதிலே வேடிக்கை ஒன்று உண்டு. ஹாரி கோல்டன் என்ற பத்திரிகையாளர், நிறவெறியரைக் கிண்டல் செய்து முன்பே ஒரு கட்டுரை எழுதியிருந்தார். கறுப்பரோடு நிற்பதில் உங்களுக்குத் தடையில்லை, உட்காருவதில்தான் தடை என்றால், பள்ளிக்கூடத்து நாற்காலிகளையெல்லாம் எடுத்துவிடுங்களேன், பிரச்சினை தீர்ந்தது என்று நையாண்டி செய்திருந்தார். நையாண்டியென எழுதியது நகராட்சிச் சட்டமாயிற்று! 1962இல் மாண்ட்கோமரி நகரும் நூல் நிலைய நாற்காலிகளை அகற்றிற்று. அறிவை அடைத்து வைப்பவர்கள் கடைசியில் எவ்வளவு கேலிக்குரியவர்களாகிறார்கள், பார்த்தீர்களா?

சிவப்பு வண்டி, நீல வண்டி

லூசியானா மாநிலத்தில் கிளிண்டன் என்று ஒரு சிற்றூர். அவ்வட்டாரத்து நூல் நிலையத்துக்குப் புத்தக வண்டிகள் இரண்டு. ஒன்று சிவப்பு, அது வெள்ளையர்க்கு. மற்றொன்று நீலம், அது கறுப்பர்க்கு. கறுப்பரின் சீட்டிலே அவர் இனத்தைக் குறிக்கும் முத்திரை. கட்டடத்துக்குள்ளே அவர்கள் வரவேண்டியதில்லை. நீல வண்டி வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையேல் அஞ்சலில் பெற வேண்டும்.

1964 மார்ச்சு 7ஆம் நாள், ஹென்றி பிரௌன் என்ற இளைஞரும் நண்பர் நால்வரும் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தனர். பிரௌன் கேட்ட புத்தகம் கறுப்பின மக்களின் வரலாற்றைக் கூறுவது. எழுதியவர் ஆர்னா போண்டெம்ப்ஸ், அவரும் கறுப்பர், பிஸ்க் பல்கலைக்கழகத்தின் நூலகர். அந்த நூல் அங்கே இல்லை. வரவழைத்துத் தருவதாக நூலகர் அம்மையார் கூறினார். சரியென்று பிரௌன் நாற்காலியிலே அமர்ந்தார். நண்பர்கள் பக்கத்தில் நின்றனர். பத்துப் பதினைந்து நிமிடந்தான். ஷெரீப் வந்தார், வெளியே போகச் சொன்னார், அவர்கள் போகவில்லை, கைது. பிரௌனுக்கு 150 டாலர் அபராதம், அல்லது 90 நாள் சிறை. நண்பர்களுக்கு ஆளுக்கு 35 டாலர், அல்லது 15 நாள் சிறை.

கேட்ட புத்தகம் பின்னர் அஞ்சலில் வந்து சேர்ந்தது. படித்து முடித்ததும் அஞ்சலிலே திருப்பியனுப்பலாம், அல்லது நீல வண்டியிலே சேர்க்கலாம் என்ற குறிப்போடு வந்தது. அந்தோ! தன் இனத்தின் வரலாற்றைப் படிக்க விரும்பியவனுக்கு, அவன் இனம் நடத்தப்படும் விதத்தையும் சேர்த்தே அனுப்பி வைத்தது நூல் நிலையம்!

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1966 பிப்ரவரியில் தண்டனை தள்ளுபடியாயிற்று. ஐந்து நீதிபதிகள் ஒருபுறம், நால்வர் மறுபுறம். ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால், நாற்காலியில் அமைதியாக அமர்ந்தது குற்றமென்றே நிலைத்திருக்கும்!

ஏன் இவ்வளவு பயம்?

தோழர்களே, நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நாலு புத்தகத்தைக் கண்டு நிறவெறியர் ஏன் இப்படி நடுங்கினார்கள்?

விடை வாக்குச் சீட்டிலே இருக்கிறது. தென் மாநிலங்களில் கறுப்பர் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள். அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்து, பதிவு அதிகாரியின் மனம் நிறையும்படி பொருள் சொல்ல வேண்டும்! அதிகாரியின் மனமோ கறுப்பர் எதிரே வந்தால் நிறைவதேயில்லை. ஒரு கையால் நூல் நிலையத்தைப் பூட்டினார்கள். மறு கையால் படிப்பறிவு போதாதென்று வாக்குரிமையைப் பறித்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டுக் குருடன் என்று ஏசும் கொடுமை! படித்தால் கேட்பான், கேட்டால் வாக்களிப்பான், வாக்களித்தால் ஆள்வான். அவர்கள் பயந்தது புத்தகத்துக்கன்று, படித்து முடித்து எழுந்து நிற்கப்போகும் மனிதனுக்கு.

மிசிசிப்பி மாநிலத்து டூகலூ கல்லூரி மாணவர் ஒன்பது பேர் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். 1961 மார்ச்சு 27ஆம் நாள், ஜாக்சன் நகரில், முதலில் கறுப்பருக்கென்றிருந்த நூல் நிலையத்துக்குச் சென்று, அங்கே இல்லாத நூல்களைக் கேட்டார்கள். இல்லையென்ற பதிலைப் பெற்றுக்கொண்டு, வெள்ளையரின் தலைமை நூல் நிலையத்துக்குள் நுழைந்து அமர்ந்தார்கள், சிறை புகுந்தார்கள். அவர்களுக்குத் துணை நின்ற மெட்கர் எவர்சு, 1963 ஜூனில் தம் வீட்டு வாசலிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டுக் கோடையிலே மிசிசிப்பியெங்கும் தொண்டர்கள் விடுதலைப் பள்ளிகளையும் விடுதலை நூல் நிலையங்களையும் நடத்தினார்கள். வாக்காளர் பதிவும் நூல் படிப்பும் கைகோத்து நடந்தன. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. எழுத்தறிவுத் தேர்வென்ற சூழ்ச்சி வீழ்ந்தது.

காலங் கடந்த மன்னிப்பு

இவ்வளவும் நடக்கும்போது நூலகர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நெஞ்சுரம் உள்ளவர்கள் சிலர் இருந்தார்கள். ஓக்லகோமா மாநிலத்தில் ரூத் பிரௌன் என்ற வெள்ளை அம்மையார், இன ஒற்றுமைக்குப் பாடுபட்டவர், முப்பது ஆண்டு நூலகராயிருந்த பின்னர் 1950இல் வேலையை இழந்தார். பொதுவுடைமை ஏடுகளை வைத்திருக்கிறார் என்பது சொன்ன காரணம். கறுப்பரோடு சேர்ந்து நின்றார் என்பது சொல்லாத காரணம்.

ஆனால் அமெரிக்க நூலகச் சங்கம் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. 1936இல் ரிச்மண்ட் நகரில் கூடிய அதன் மாநாட்டிலேயே கறுப்பின நூலகர்களுக்குத் தனி இருக்கை! நூல் நிலையத்தைப் பயன்படுத்தும் உரிமையை இனம் காரணமாக மறுக்கக் கூடாது என்று அதன் உரிமைச் சாசனத்தில் எழுத 1961 வரை ஆயிற்று. பிரிவினை நூல் நிலையங்களை எதிர்க்கத் தவறியதற்காகக் கறுப்பின மக்களிடம் மன்னிப்புக் கோரித் தீர்மானம் போட்டது 2018இல். நாம் இதை ஏளனம் செய்யவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கும் மனம் வேண்டும். ஆயினும் ஒன்றைக் குறித்துக்கொள்கிறோம்: நிறுவனம் முன்னே நடக்கவில்லை, தெருவிலிருந்து வந்த மாணவன் முன்னே நடந்தான், நிறுவனம் பின்னே வந்தது.

கலவர நாளில் திறந்திருந்த கதவு

திறந்த கதவு என்ன பயன் தந்தது என்று கேட்போருக்கு பால்டிமோர் நகரைக் காட்டுவோம். அங்கே இனாக் பிராட் என்ற வணிகர் பெயரால் 1886இல் திறக்கப்பட்ட நூல் நிலையம் இருக்கிறது. ஏழை பணக்காரர், இனம் நிறம் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் உரியதென்பது அவர் வகுத்த நெறி. நெறி இருந்தது, நடைமுறை? நூலகர் பயிற்சி வகுப்பில் சேர வந்த கறுப்பினப் பெண்ணுக்கு இடமில்லையென்றது அதே நூல் நிலையம்! 1945இல் வழக்காடித்தான் அவர் வெல்ல முடிந்தது. ஏட்டிலே எழுதிய சமத்துவம் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே நூல் நிலையத்துக்குப் பின்னாளில் தலைமை ஏற்றவர் கார்லா ஹேடன் என்ற கறுப்பினப் பெண்மணி. 2015 ஏப்ரலில், போலீசார் காவலில் காயமுற்ற பிரெடி கிரே என்ற இளைஞர் இறந்தார். நகரம் கொதித்தது. தீ மூண்டது. பென்சில்வேனியா அவென்யூக் கிளை நூல் நிலையத்தின் எதிரே இருந்த மருந்துக் கடை கொள்ளையிடப்பட்டு எரிந்தது. மறுநாள் காலை? கடைகள் மூடிக் கிடந்தன. பள்ளிகள் மூடிக் கிடந்தன. நூல் நிலையம் திறந்திருந்தது! அந்த அம்மையார் 2016இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி, முதல் கறுப்பர். 2025 மே திங்களில் குடியரசுத் தலைவர் டிரம்பால் பதவியிலிருந்து நீக்கப்பட்டார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

பெர்குசன் என்ற சிறு நகரிலும் இதே காட்சி. 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரௌன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸ் அதிகாரியால் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சியால் பள்ளி திறப்பது தள்ளிப்போயிற்று. முழுநேர ஊழியர் ஒரே ஒருவர் இருந்த அந்த ஊர் நூல் நிலையம், ஆசிரியர்களையும் தொண்டர்களையும் உள்ளே அழைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த இடந்தந்தது. செய்தி பரவியது, நாடெங்குமிருந்து நன்கொடை மூன்றரை இலட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. அஞ்சி மூடிய இடத்துக்கு யார் நன்கொடை தருவார்கள்?

திறந்து வைத்தால் மட்டும் போதுமா?

போதாது என்கிறோம். வாசலில் நிறுத்த முடியாதவனை வேறு வழியாக நிறுத்தலாம். அபராதம் அப்படி ஒரு வழி. புத்தகத்தை நாள் கடந்து கொடுத்தால் காசு. காசு சேர்ந்தால் சீட்டு முடக்கம். பணக்காரனுக்கு அது சில்லறை. ஏழையின் பிள்ளைக்கு அது பூட்டு. கறுப்பின ஏழைகள் வாழும் பகுதிகளிலேதான் இந்தப் பூட்டு மிகுதியாகத் தொங்கியது. இத்தகைய அபராதம் சமூக ஏற்றத்தாழ்வே என்று நூலகச் சங்கம் 2019இல் தீர்மானித்தது. அவ்வாண்டே சிகாகோ நகரம் அபராதத்தை ஒழித்தது. 2021இல் நியூயார்க்கும் ஒழித்தது.

வாக்காளர் பதிவும் அப்படியே. 1993ஆம் ஆண்டு வாக்காளர் பதிவுச் சட்டம், மாநிலங்கள் விரும்பினால் பொது நூல் நிலையங்களையும் பதிவு நிலையங்களாக்கலாம் என்று பெயர் சொல்லியே இடந்தருகிறது. படிப்பில்லை என்று கூறி வாக்கைப் பறித்த நாட்டிலே, புத்தகம் கொடுக்கும் மேசையே வாக்காளர் படிவத்தையும் கொடுக்க முடியுமென்றால், அது சிறிய மாறுதலா?

ஆனால் பழைய பூட்டு புதிய உருவிலும் வருகிறது. ஆளைத் தடுக்க முடியாதென்றால் அவன் கதையைத் தடுப்பது! 2023இல் மட்டும் 4,240 நூல்களை அமெரிக்க நூல் நிலையங்களிலிருந்து அகற்ற முயற்சி நடந்ததாக நூலகச் சங்கம் கணக்கிட்டது. அவற்றில் 47 விழுக்காடு கறுப்பர் முதலிய பிற இனத்தாரையும் பால் சிறுபான்மையினரையும் பற்றியவை. டெக்சாஸ் மாநிலத்து லானோ வட்டாரத்தில் அகற்றப்பட்ட 17 நூல்களில் ஒன்று, இசபெல் வில்கர்சன் எழுதிய, சாதி என்பதையே பெயராகக் கொண்ட நூல். அமெரிக்க நிறவெறியையும் நம் நாட்டுச் சாதி முறையையும் அருகருகே வைத்துப் பார்க்கும் நூல் அது! நூல்களைத் திரும்ப வையுங்கள் என்று 2023இல் நீதிபதி ஆணையிட்டபோது, வட்டார ஆட்சியினர் நூல் நிலையங்களையே மூடிவிடலாமா என்று கூட்டம் போட்டார்கள். டான்வில் நினைவு வருகிறதல்லவா? ஊர் மக்கள் திரண்டு வந்து பேசினார்கள். மூடும் எண்ணம் கைவிடப்பட்டது. ஆனால் 2025 மே திங்களில் மேல்முறையீட்டு நீதிமன்றம், எந்த நூலை வைப்பது, எதை எடுப்பது என்பது அரசின் விருப்பமென்று தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பு நமக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் அதிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொள்கிறோம். நீதிமன்றம் எப்போதும் துணை வரும் என்று நம்பிக் குடிமகன் உறங்க முடியாது. நூலை எடுப்பதும் வைப்பதும் ஊராட்சியின் கையிலென்றால், ஊராட்சியை எடுப்பதும் வைப்பதும் யார் கையில்? வாக்காளன் கையில்! நூலகக் குழுவில் யார் அமர்வது, வரவு செலவில் எவ்வளவு ஒதுக்குவது, எந்தப் பகுதியில் கிளை திறப்பது, எவர் வரலாறு அலமாரியில் நிற்பது என்பவை அமைதியான சிறு கூட்டங்களிலே முடிவாகின்றன. நீதியை விரும்புவோர் அந்தக் கூட்டத்துக்குப் போகாவிட்டால், அநீதியை விரும்புவோர் தவறாமல் போவார்கள்.

நாமும் வீட்டு வரியோடு நூலக வரி செலுத்துகிறோம். 1948இல் சென்னை மாகாணம் நூலகச் சட்டம் கண்டபோது பிறந்த ஏற்பாடு அது. வரி கொடுப்பவன் கேள்வி கேட்கலாம் என்பதை டக்கரிடமிருந்து நாமும் கற்கலாம். நம் ஊர் நூல் நிலையத்தில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதோடு, யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்றும் கேட்போம். எந்தத் தெருவுக்குக் கிளை இல்லை? எந்த மக்களின் வாழ்வு அலமாரியில் இல்லை? கேட்பதற்கு ஒரு விண்ணப்பம் போதும். நாலு பேர் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. அலெக்சாண்ட்ரியாவிலே போனவர்கள் ஐந்தே பேர்தான்!